போர்ச்சுகல் போகிறீர்களா? பலகாரக் கடையை இப்படித் தேடுங்கள்

திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் அல்வாவை எங்கே வாங்குவது என்று விசாரித்துக்கொண்டுதான் ரயில் ஏறுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா, சாத்தூர் என்றால் சேவு, மணப்பாறை என்றால் முறுக்கு. இதையெல்லாம் யாரும் நமக்குப் பாடம் நடத்திச் சொல்லித் தரவில்லை. ஆனால் வெளிநாட்டில் இறங்கியதும் இந்த அறிவைப் பயன்படுத்தவே தோன்றுவதில்லை. ஹோட்டல் காலைச் சாப்பாட்டில் வைத்திருக்கும் குரோசானைத் தின்றுவிட்டு, அந்த நாட்டுப் பலகாரம் இவ்வளவுதான் என்று திரும்பி வந்துவிடுகிறோம்.

நம் ஊர்ப் பழக்கம் அப்படியே பலிக்கும் நாடு ஒன்று உண்டு என்றால் அது போர்ச்சுகல்தான். சின்ன நாடு, நல்ல ரயில் வசதி, ஊருக்கு ஒரு பலகாரம். முதல் தடவை போகிறவர்கள் எங்கே, எப்போது, என்ன சொல்லி வாங்குவது என்று தெரிந்துகொண்டு போகவே இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது

எந்தப் பலகாரக் கடைக்குப் போனாலும் பெட்டி முழுக்க மஞ்சள் நிறமாக இருக்கும். எல்லாம் முட்டை மஞ்சள் கரு. இதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். முன்பு மடங்களில் கன்னியாஸ்திரிகளின் உடுப்புக்குக் கஞ்சி போட முட்டை வெள்ளைக் கருவைப் பயன்படுத்தினார்களாம். ஒயினைத் தெளிய வைக்கவும் அதுவே போயிற்றாம். மிஞ்சிய மஞ்சள் கரு கூடைகூடையாகக் கிடக்க, மதெய்ரா தீவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கப்பலில் சர்க்கரை வந்து இறங்க, இரண்டையும் சேர்த்து மடத்து அடுக்களைகளில் நூற்றுக்கணக்கான பலகாரங்கள் பிறந்தன. இன்றும் இவற்றை மடத்து இனிப்புகள் என்றே சொல்கிறார்கள். பெயர்களும் அப்படித்தான்: ஒன்றுக்குக் கன்னியாஸ்திரி வயிறு என்று பெயர், இன்னொன்றுக்குச் சொர்க்கத்துப் பன்றிக்கொழுப்பு என்று பெயர்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும். முத்துக்குளித்துறையில் போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே வந்து இறங்கினார்கள். அவர்கள் தொடர்பால் வந்தது என்று சொல்லப்படும் மக்ரூனில் சேர்வது வெள்ளைக் கருவும் சர்க்கரையும் முந்திரியும். அங்கே மஞ்சள், இங்கே வெள்ளை. தலைநகர் லிஸ்பனில் ஒரு கடையில் நின்று தூத்துக்குடி மக்ரூனை நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

1820இல் போர்ச்சுகலில் தாராளவாதப் புரட்சி நடந்தது. 1834இல் மடங்களை மூடிவிட்டார்கள். மடத்துக் கைப்பக்குவம் தெருவுக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். லிஸ்பனில் பெலெம் பகுதியில் உள்ள ஜெரோனிமுஷ் மடத்துக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலை இருந்தது. அதை ஒட்டிய கடையில் மடத்துப் பலகாரம் விற்பனைக்கு வந்து, 1837 முதல் இன்றுவரை அதே இடத்தில் விற்கிறது. அதுதான் பஷ்டெய்ஷ் டி பெலெம்: மொறுமொறுப்பான மாவுக் கிண்ணத்துக்குள் பாலும் மஞ்சள் கருவும் சேர்ந்த கலவையை ஊற்றிச் சுட்டது. மற்ற கடைகளில் விற்பதற்குப் பஷ்டெல் டி நாத்தா என்று பெயர். சுருக்கமாக நாத்தா என்றால் போதும். பெலெம் என்ற பெயர் அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியது.

அடுத்தது: கடையைத் தேர்ந்தெடுப்பது

பலகாரக் கடைக்கு அங்கே பஷ்டெலரியா என்று பெயர். ரொட்டிக் கடை என்றால் பாதரியா. இலங்கைத் தமிழர் ரொட்டியைப் பாண் என்பதும் அவர்கள் பாவ் என்பதும் ஒரே சொல்தான். லிஸ்பனில் தெருவுக்கு ஒரு பஷ்டெலரியாவாவது இருக்கும். ஆனால் எல்லாக் கடையிலும் அடுப்பு இருக்காது. தொழிற்சாலையில் செய்து உறைய வைத்ததை வாங்கிச் சூடு பண்ணி விற்பவர்கள் ஏராளம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பெயர்ப்பலகையிலோ, கண்ணாடிக் கதவிலோ, காகிதப் பையிலோ 'ஃபப்ரிகு ப்ரோப்ரியு' என்ற இரண்டு சொற்களைத் தேடுங்கள். சொந்தத் தயாரிப்பு என்று அர்த்தம். போர்ச்சுகீசிய எழுத்தில் அது எப்படி இருக்கும் என்று கிளம்புவதற்கு முன்பே ஒரு படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு சொற்கள் எனக்கு உதவிய அளவுக்கு வேறு எந்தப் பரிந்துரைப் பட்டியலும் உதவவில்லை.

இரண்டாவது அடையாளம், கடைக்குள் யார் நிற்கிறார்கள் என்பது. காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள் கவுண்டரில் நின்றபடி ஒரு காபியும் ஒரு பலகாரமும் முடித்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் கிளம்பினால் அது நல்ல கடை. வாசலில் பெரிய வண்ணப் படங்களும், ஏழு மொழியில் மெனுவும், உள்ளே இழுக்க ஆளும் இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள். முதல் நாள் களைப்பில் நான் அப்படி ஒரு கடையில்தான் உட்கார்ந்தேன். குளிர்ந்துபோன நாத்தா வந்தது. அடிப்பகுதி நமத்துப்போய், ஈர அட்டையைக் கடிப்பது போல இருந்தது. மறுநாள் நான்கு தெரு தள்ளி, படமே போடாத ஒரு கடையில் பாதி விலைக்குச் சாப்பிட்டதுதான் நாத்தா.

மூன்றாவது, தங்கும் இடத்து ஆட்களைக் கேட்பது. கேட்கிற விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. 'சிறந்த நாத்தா எங்கே கிடைக்கும்?' என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பெயரையே சொல்வார்கள். 'நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எங்கே வாங்கிப் போவீர்கள்?' என்று கேளுங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு ஒரு கடையைச் சொல்வார்கள். அங்கே போங்கள்.

நாத்தாவைப் பார்த்தே எடை போடுவது

இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம். மாவையும் கொழுப்பையும் மாற்றி மாற்றி மடித்துத் தேய்த்து, பாய் போலச் சுருட்டி, துண்டு துண்டாக நறுக்குவார்கள். ஒவ்வொரு துண்டையும் சின்னத் தகரக் கிண்ணத்தில் வைத்து, ஈரமான கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஓரம்வரை பரப்புவார்கள். அதற்குள் பால், மஞ்சள் கரு, சர்க்கரைப் பாகு, கொஞ்சம் மாவு சேர்த்த கலவையை ஊற்றுவார்கள். எலுமிச்சைத் தோலும் பட்டையும் அதில் மணக்கும். அப்புறம் நம் வீட்டு அவனில் எளிதில் வராத அளவுக்குக் கடுமையான சூட்டில் கொஞ்ச நேரமே வைத்து எடுப்பார்கள்.

இந்தச் செய்முறை தெரிந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். மேலே கருப்புக் கருப்பாகப் புள்ளி இருக்க வேண்டும். அது கருகல் இல்லை, சூடு சரியாக இருந்ததற்கு அடையாளம். மேல்பக்கம் வெளிறிய மஞ்சளாக இருந்தால் அடுப்பில் சூடு போதவில்லை. ஓரம் நல்ல பழுப்பாக இருக்க வேண்டும். கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள்: அடியில் சுருள் தெரிந்தால் மாவைச் சுருட்டி நறுக்கிக் கையால் அழுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கடித்ததும் சத்தம் கேட்க வேண்டும். உள்ளே இருப்பது கட்டியாக நிற்காமல் லேசாகத் தளும்ப வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் சூடு. அடுப்பிலிருந்து இறங்கி அரை மணிக்குள் சாப்பிடும் நாத்தாவும், காலையில் செய்து மாலையில் சாப்பிடும் நாத்தாவும் ஒரே பொருள் என்று நம்பவே முடியாது. குளிர்பெட்டியில் வைத்திருந்தால் வாங்கவே வேண்டாம். லிஸ்பனின் ஷியாது பகுதியை ஒட்டிய கமோயிஷ் சதுக்கத்தில் உள்ள மன்டெய்கரியா கடையில் புதிதாகத் தட்டு இறங்கும்போது மணி அடிப்பார்கள். முன்பு வெண்ணெய்க் கடையாக இருந்த கட்டடம் அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாவை அழுத்துவதை நின்றபடி பார்க்கலாம். மணி அடிக்காத கடையில், 'கென்ட்?' என்று கேளுங்கள். சூடாக இருக்கிறதா என்று அர்த்தம். இல்லை என்றால் அடுத்த தட்டு எப்போது என்று சைகையில் கேட்டாலும் சொல்வார்கள். பத்து நிமிடம் காத்திருக்கலாம், தப்பில்லை.

பக்கத்திலேயே பட்டைத் தூளும் பொடித்த சர்க்கரையும் வைத்திருப்பார்கள். முதல் நாத்தாவை எதுவும் தூவாமல் சாப்பிட்டுவிட்டு, இரண்டாவதில் பட்டையை மட்டும் தூவிப் பாருங்கள். சர்க்கரை தேவையே படாது என்பது என் கருத்து.

எந்தக் கடை உசத்தி என்று லிஸ்பன்காரர்களே ஒத்துப்போவதில்லை. சிறந்த நாத்தாவுக்கு அங்கே போட்டியே நடக்கிறது. காம்பு டி ஓரிக் பகுதியில் உள்ள அலோமா அதில் பலமுறை வென்ற கடை. 28ஆம் எண் டிராம் முடியும் பக்கம்தான். டிராமில் எப்படியும் ஏறுவீர்கள், கடைசிவரை போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஒரே நாளில் இரண்டு கடை நாத்தாவைச் சாப்பிட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் நாக்கில் பதியும். பெலெம் கடையில் மேல்மாவு மொறுமொறுப்பாக, லேசான உப்போடு இருக்கும். மன்டெய்கரியாவில் வெண்ணெய் மணம் தூக்கலாக, உள்ளே இன்னும் குழைவாக இருக்கும். எனக்கு முதலாவது. என்னோடு வந்தவர்களுக்கு இரண்டாவது.

பெலெம் கடைக்குப் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். வாசலில் நிற்கும் நீண்ட வரிசை பெரும்பாலும் பொட்டலம் வாங்குகிறவர்களுடையது. உள்ளே நீல, வெள்ளை ஓடு பதித்த அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், நூற்றுக்கணக்கானவர்கள் உட்காரலாம். நேராக உள்ளே போய் இடம் தேடுங்கள், பெரும்பாலும் சீக்கிரம் கிடைத்துவிடும். நகர மையத்திலிருந்து 15ஆம் எண் டிராம் அங்கே போகும். திங்கட்கிழமை மடம் மூடியிருக்கும், கடை திறந்திருக்கும். அன்று கூட்டம் குறைவு.

கவுண்டரில் எப்படி நடந்துகொள்வது

உள்ளே போனதும் யாராவது சின்னச் சீட்டோடு நிற்கிறார்களா என்று பாருங்கள். அப்படியென்றால் சுவரோரம் எண் சீட்டு தரும் இயந்திரம் இருக்கும், நீங்களும் ஒன்று கிழித்துக்கொள்ள வேண்டும். சில கடைகளில் முதலில் கல்லாவில் காசு கட்டிவிட்டு ரசீதோடு வர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கவுண்டரில் ஒரு 'போங் தியா' சொல்லிவிட்டு நில்லுங்கள். வணக்கம் சொல்லாமல் கேட்பதை அவர்கள் விரும்புவதில்லை.

அப்புறம்: 'உம் பஷ்டெல் டி நாத்தா ஈ உமா பிக்கா, ஸெ ஃபாஷ் ஃபவோர்.' ஒரு நாத்தா, ஒரு சின்னக் காபி, தயவுசெய்து. பிக்கா என்பது லிஸ்பன் சொல். இரண்டு மடக்கில் முடிந்துவிடும் கடுங்காபி. நம் வீட்டுக் காபி போலப் பாலோடு வேண்டுமென்றால் உயரமான கண்ணாடி டம்ளரில் வரும் கலாவ் கேளுங்கள். நன்றி சொல்வதில் ஆண்கள் 'ஒப்ரிகாது', பெண்கள் 'ஒப்ரிகாதா'. உட்கார மேசை வேண்டுமென்றால் தயங்காமல் மேசை என்றே சொல்லலாம், அவர்களுக்கும் அது மேஸாதான். சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் அங்கிருந்து நம்மிடம் வந்த சொற்கள்தானே.

ஒரு நாத்தா சுமார் ஒன்றரை யூரோ. நின்று சாப்பிட்டால் ஒரு விலை, வெளியே நாற்காலியில் உட்கார்ந்தால் கூடுதல் விலை என்று சில கடைகளில் எழுதிப் போட்டிருப்பார்கள். சின்னக் கடைகளில் வெளிநாட்டு அட்டை ஓடாமல் போகலாம். அதனால் சில்லறை கையில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புப் பகுதிக் கடைகள் பல மூடியிருக்கும். காலையை விட்டால் மாலை நாலு மணி நல்ல நேரம். அது அவர்களுடைய சிற்றுண்டி வேளை.

முட்டை, பன்றிக்கொழுப்பு: சாப்பிடாதவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்

நேராகச் சொல்கிறேன், முட்டையே கூடாது என்பவர்களுக்கு இந்த ஊர்ப் பலகாரத்தில் இடம் குறைவு. முட்டை சாப்பிடுபவர்களும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மடித்த மாவில் வெண்ணெயோ மார்கரினோ இருக்கலாம், பான்யா என்ற பன்றிக்கொழுப்பும் இருக்கலாம். சைவர்களும் இஸ்லாமியரும் கேட்க வேண்டிய கேள்வி: 'லெவா பான்யா?' பான்யா சேர்கிறதா என்று அர்த்தம். 'நாவ், எ மன்டெய்கா' என்றால் இல்லை, வெண்ணெய்தான். தெரியாது என்று சொன்னால் அந்தக் கடையில் வேண்டாம், விட்டுவிடுங்கள். பிராகா பக்கம் பிரபலமான அபாத் டி ப்ரிஷ்குஷ் என்ற புட்டிங்கில் பன்றிக்கொழுப்பும் போர்ட் ஒயினும் செய்முறையிலேயே உண்டு. பார்க்கக் கேரமல் புட்டிங் போலவே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

பஷ்டெல் என்ற சொல்லும் ஏமாற்றும். பஷ்டெல் டி பக்கல்யாவ் என்பது உப்புக்கண்டக் காட் மீனில் செய்த வடை. இனிப்புக்குப் பக்கத்திலேயே அதே பெட்டியில் அடுக்கியிருப்பார்கள். குரோசான் கேட்டாலும் 'மிஷ்டு' என்று சொன்னால் பன்றி இறைச்சியும் சீஸும் உள்ளே வைத்துத் தருவார்கள்.

முட்டை சாப்பிடாத என் பெரியம்மாவோடு போனபோது தேடியதில் இரண்டு கிடைத்தன. ஒன்று, முட்டையும் பாலும் இல்லாமல் செய்யும் வீகன் நாத்தா. லிஸ்பனில் இப்போது கிடைக்கிறது. இன்னொன்று மர்மெலாதா: சீமை மாதுளம்பழத்தை (நம் மாதுளை இல்லை, ஆங்கிலத்தில் குயின்ஸ்) சர்க்கரையோடு கிண்டி வில்லையாக வெட்டியது, நம் கொய்யாப்பழ அல்வா போல இருக்கும். சூடான ரொட்டியில் வைத்துச் சாப்பிட்ட பெரியம்மா, ஊருக்குத் திரும்பும்போது இரண்டு கட்டி வாங்கிக்கொண்டார்.

லிஸ்பனைத் தாண்டுவது

நாத்தா நாடு முழுக்கக் கிடைக்கும். மற்றவற்றை அதனதன் ஊரில் சாப்பிடுவதுதான் சரி. இதற்கு ஒரு நாள் ஒதுக்கினாலும் போதும்.

சிந்த்ரா முதலில். லிஸ்பன் ரோசியோ நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் 40 நிமிடம். அரண்மனை பார்க்க எல்லோரும் போவார்கள். நீங்கள் முதலில் 1862இல் தொடங்கிய பிரிகீத்தா கடைக்குப் போய் ட்ரவெசெய்ரு கேளுங்கள். தலையணை என்று அர்த்தம். அடுக்கு மாவுக்குள் பாதாமும் மஞ்சள் கருவும் சேர்த்த பூரணம், மேலே சர்க்கரை. சூடாகவே தருவார்கள், முதல் கடியில் நாக்கைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க நடுவில் பிய்த்து ஆவியை விடுங்கள். அதே ஊரின் இன்னொரு பலகாரம் கெய்ஜாதா. உப்பில்லாத புதுச் சீஸ், சர்க்கரை, முட்டை, பட்டை சேர்த்து மெல்லிய ஓட்டுக்குள் வைத்துச் சுட்டது. பால்கோவா பிடித்தவர்களுக்கு இது பிடிக்கும்.

அவெய்ரு, லிஸ்பனுக்கும் போர்ட்டோவுக்கும் போகும் ரயில் பாதையிலேயே இருக்கும் வாய்க்கால் ஊர். அங்கே ஓவுஷ் மோலெஷ். தேவாலய அப்பத்துக்கு ஊற்றும் அதே மெல்லிய மாவுத்தாளைச் சிப்பி, மீன் வடிவில் அச்சிட்டு, உள்ளே மஞ்சள் கருவும் பாகும் சேர்ந்த களியை நிரப்புவார்கள். நாக்கில் வைத்ததும் தாள் கரையும், அப்புறம் இனிப்பு வழியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்ற பலகாரம். இரண்டுக்கு மேல் சாப்பிட முடியாது, அவ்வளவு தித்திப்பு.

கோயிம்ப்ராவுக்குப் பக்கத்தில் உள்ள டென்டூகல் பலகாரம் எனக்குப் பெரிய ஆச்சரியம். மாவை ஒரு அறையின் தரையில் விரித்த துணியின் மேல் இழுத்து இழுத்து, அந்தப் பக்கம் இருப்பது தெரியும் அளவுக்கு மெல்லிசாக்கி, வெட்டிச் சுருட்டுகிறார்கள். வாயில் வைத்தால் சருகு போல நொறுங்கும்.

அடுப்பையும் ஊரையும் போல மாதத்தையும் பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 6 வரை எங்கும் போலு ரெய் என்ற வளைய கேக் விற்கும், பழத்துண்டு பதித்து. லிஸ்பன் ஃபிகெய்ரா சதுக்கத்தில் 1829 முதல் இருக்கும் கொன்ஃபெய்தரியா நாசியோனால்தான் அதைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுவந்த கடை. மரபுப்படி கேக்குக்குள் ஒரு உலர்ந்த மொச்சைக்கொட்டை ஒளிந்திருக்கும். யார் துண்டில் வருகிறதோ அவர் அடுத்த வருடக் கேக்கை வாங்க வேண்டும். கோடையில் கடற்கரைக்குப் போனால், மஞ்சள் கிரீம் வைத்த போலா டி பெர்லிம் என்ற உருண்டை டோனட்டைக் கூவி விற்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர்கள் கொண்டுவந்தது அது.

ஊருக்குக் கொண்டுவருவது

நாத்தாவைக் கொண்டுவர முயல வேண்டாம். ஆறு நாத்தா அடுக்கிய நீளப் பெட்டியைப் பட்டைத் தூள் பொட்டலத்தோடு அழகாகக் கட்டித் தருவார்கள்தான், ஆனால் அது அன்றைக்குள் தின்பதற்கு. மிஞ்சினால் மறுநாள் அவனில் சூடாக்குங்கள், மைக்ரோவேவில் வைத்தால் மாவு தோலாகிவிடும். வீட்டுக்கு வாங்க வேண்டுமென்றால் கெய்ஜாதா, மர்மெலாதா, ஓவுஷ் மோலெஷ் இந்த மூன்றும் சில நாள் தாங்கும். கடைசி நாள் காலையில் வாங்கி, எத்தனை நாள் இருக்கும் என்று கடையிலேயே கேட்டுப் பெட்டியின் மேல் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவெய்ருவில் வண்ணம் தீட்டிய சின்ன மரப் பீப்பாயில் களியை மட்டும் நிரப்பியும் விற்பார்கள். விமான நிலையச் சோதனையில் அதைத் திரவம் போலக் கணக்கிட்டு எடுத்து வைத்துவிடலாம். அதனால் பீப்பாயைத் துணிக்குள் சுற்றிப் பெரிய பெட்டியில் போட்டுவிட்டு, சிப்பி வடிவப் பெட்டியை மட்டும் கைப்பையில் வையுங்கள்.